சங்கு பாடிய இரண்டாம் சரணம்

மருதாசலத்தைப் புதைத்த மறுநாள் காலையில் ஓடையம்பதி மில்லின் சங்கு ஊதவில்லை, பாடியது. கொதிகலன் கட்டடத்தின் உச்சியில் ஒரு பெரிய ஊமத்தம்பூவைப் போல வாயைத் திறந்துகொண்டு நின்ற அந்தப் பித்தளைச் சங்கு, ஷிப்டுக்கு ஆள் கூப்பிடும் ஒரே ஊளையைத் தவிர வேறொன்றும் அறியாத அந்தச் சங்கு, அன்றைக்கு நீராவி ஏறியதும் தொண்டையை ஒரு தடவை கனைத்துக்கொண்டு, “எட்டாத கொம்பிலே பூத்தவளே, ஏணி கொண்டு வந்திருக்கேன்” என்று செத்தவனின் குரலில் எடுத்து, பல்லவியைத் திருப்பிப் பாடி, முதல் சரணத்தையும் முடித்து, இரண்டாம் சரணத்தை வெளியே கேட்காதபடி தணித்து, மதிலுக்கு உள்ளேயே தொலைத்துவிட்டு ஓய்ந்தது.

யாரும் அலறவில்லை. மில் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குக் குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

“நம்ம மருதாசலந்தானே பாடறது?”

“ஆமாக்கா. குரல் கம்மியிருக்குது பாரு. குழிக்குள்ள மண்ணு ஈரமா இருந்துச்சில்ல.”

“சுக்குத் தண்ணி குடுத்திருக்கோணும்,” என்றாள் மூன்றாமவள், தன் குடத்தை வரிசையில் முன்னால் நகர்த்திக்கொண்டே.

அந்தப் பாட்டு அந்த வருஷத்துப் பாட்டு. டூரிங் டாக்கீஸின் மணல் தரையில் புறப்பட்டு, சைக்கிள் கடைக்கு வந்து, கல்யாண வீட்டுக் கூம்பு ஸ்பீக்கரில் ஏறி, தென்னை உச்சியிலிருந்து இறங்கி, களை பறிப்பவள் வாய்க்கும் கணக்குப் போடுகிறவன் வாய்க்கும் சமமாகப் பங்கு கொடுத்து, இந்த நாட்டில் வேறெந்தச் சட்டமும் செய்யாத சமத்துவத்தை அது ஒன்றுதான் செய்துகொண்டிருந்தது. மில் தொழிலாளர் யூனியனின் செயலாளர் ஆறுக்குட்டிக்கு இது தெரியும். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டுப் பாக்கி எல்லாவற்றையும் ஓரணாப் பிரசுரங்களில் படித்தவர் அவர். சினிமா என்பது உழைப்பவன் கண்ணில் தூவுகிற சர்க்கரை என்று துண்டறிக்கை போட்டுவிட்டு, ஒவ்வொரு புதுப்படத்துக்கும் முதல் வாரமே தரை டிக்கெட்டில் போய் உட்கார்ந்து, இடைவேளையில் விற்கிற பாட்டுப் புத்தகத்தை வாங்கி வந்துவிடுவார். வந்ததும் சிவப்புப் பென்சிலால் காதலை அடிப்பார். அடித்த வரிக்கு மேலே கூலியை எழுதுவார். மெட்டை ஜனங்கள் ஏற்கெனவே தோளில் தூக்கி வைத்திருக்கிறார்கள், நம் சரக்கை அதில் ஏற்றிவிட்டால் போதும் என்பது அவர் கட்சி. அப்படித்தான் “எட்டாத கொம்பிலே பூத்தவளே” என்பது, “எட்டாத மாடியில் இருப்பவரே, ஏணி கொண்டு வந்திருக்கோம்” என்று ஆகி, பஞ்சப்படி கேட்டு நடந்த கேட் கூட்டங்களில் முதலாளியின் மாடி ஜன்னல் வரைக்கும் கேட்டது. இரண்டாம் சரணத்தை மட்டும் அவர் குறுக்கே ஒரு கோடு போட்டு முழுசாக அடித்துவிட்டார். போலீஸ் வேன் வந்து சேருவதற்குள் முடிய வேண்டிய பாட்டுக்கு ஒரு சரணம் போதும்.

எழுதியவர் ஆறுக்குட்டி, பாடியவன் மருதாசலம். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் தூசியைத் தின்று வேலை பார்த்தவன். பேசினால் இருமல் வரும், பாடினால் வராது. கேட்டுக்கு எதிரே தார் டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று பாடிக்கொண்டிருந்தபோதுதான் போலீஸ்காரர்கள் சுட்டார்கள். “ஏணி கொண்டு” வரைக்கும் அவன் பாடினான். மிச்சத்தைக் கூட்டம் பாடி முடித்துவிட்டு, அப்புறம்தான் டப்பாவின் மேல் ஆள் இல்லை என்பதைப் பார்த்தது. குழியில் ஆளுக்கொரு பிடி மண் போட்டபோது, சுட உத்தரவு கொடுத்தது யார் என்று சர்க்கார் பகிரங்கமாக விசாரிக்கிற வரை ஒருவரும் மில்லுக்குள் கால் வைப்பதில்லை என்று அந்த மண்ணின் மேல் சொன்னார்கள். முதலில் சொன்னவர் ஆறுக்குட்டி. ஆளில்லாத மில்லுக்கும் முதலாளி சங்கை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மில் செத்துவிட்டது என்று ஊர் பேசும்.

ஆகவே சங்கு காலையில் பாடியது, மதியம் பாடியது, இரவு ஷிப்டுக்கும் பாடியது, ஊர் அதற்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பெண்கள் பல்லவிக்கு உலை வைத்து, சரணத்துக்கு அரிசி போட்டார்கள். பொள்ளாச்சி பஸ்ஸின் டிரைவர் பாட்டு முடிகிற வரை எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் தாளம் போட்டான், நேரமாகிறது என்று கத்திய ஒரே பிரயாணியை மற்றவர்கள் இறக்கிவிட்டார்கள். டீக்கடை பொம்மண்ணன் அந்த நேரங்களில் சிலோன் ரேடியோவைத் திருகி அடைத்தார். டாக்கீஸில் அதே பாட்டு வந்தபோது ஜனங்கள் கேட்டுவிட்டு, பரவாயில்லை, சினிமாக்காரனும் நம்ம மருதாசலம் மாதிரியே பாடப் பார்க்கிறான் என்று சொன்னார்கள். மேற்கே மலையடிவாரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். மதில் ஓரமாய் முறுக்குக் கடை வந்தது, பொரிகடலைக் கடை வந்தது, கடைசியில் யாரோ ஒரு அகல் விளக்கையும் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

விளக்கை ஆறுக்குட்டி காலால் தள்ளி அணைத்தார். பேய் இல்லை, பிசாசு இல்லை, செத்தவன் செத்தவன்தான் என்று முப்பது வருஷம் மேடை போட்டுப் பேசியவர் அவர்.

“அப்ப இது ஆவி இல்லீங்களா தோழர்?” என்று கமிட்டிக் கூட்டத்தில் கேட்டான் காளியப்பன், பஞ்சு பிரிக்கும் ஆள்.

“நீராவி,” என்றார் ஆறுக்குட்டி.

அதற்கு மேல் விளக்கம் கொடுக்க அவரிடம் பிரசுரம் இல்லை. தீர்மானம் மட்டும் போட்டார்கள்: தோழர் மருதாசலத்தின் குரலைப் போராட்டத்தின் பக்கம் நிற்கும் குரலாக யூனியன் அங்கீகரிக்கிறது, அதற்கு விளக்கோ கற்பூரமோ வைக்கக் கூடாது. ஆனால் உள்ளுக்குள் அவரை அறுத்தது வேறு. குரல் மருதாசலத்தினுடையது, வரி சினிமாக்காரனுடையது. கொம்பு என்றுதான் பாடியது, மாடி என்று ஒரு தடவையும் பாடவில்லை. ஒரு மதியம் அவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் மதிலடியில் நின்று, சங்கு எடுப்பதற்கு முன்னாலேயே “எட்டாத மாடியில் இருப்பவரே” என்று அடியெடுத்துக் கொடுத்துப் பார்த்தார். சங்கு அவர்கள் பாடி முடிக்கும் வரை மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, கனைத்துக்கொண்டு, பூத்தவளே என்று ஆரம்பித்தது. திரும்பி வரும்போது காளியப்பன் மட்டும், “அவனுக்கு அதுதான் வாயில வருது போலிருக்குதுங்,” என்று சமாதானம் சொன்னான்.

முதலாளிக்கு ஆரம்பத்தில் பயம்தான். சங்கைக் கழற்றிவிடச் சொன்னான். மேனேஜர்தான் வேண்டாம் என்றான், படித்த மூளை. மதிலுக்கு வெளியே கூடுகிற ஜனத்தை அவன் மாடியிலிருந்து ஒரு வாரம் பார்த்தான். பாட்டு முதல் சரணம் தாண்டியதும் எல்லோரும் கழுத்தை நீட்டிக் காதைக் கையால் குவித்துக்கொள்வதையும், கிடைக்காமல் உதட்டைப் பிதுக்குவதையும் பார்த்தான். மறுநாள் கேட்டை அகலத் திறந்து, உள்ளே வேப்ப மரத்தடியில் பந்தல் போட்டு, பானையில் மோர் வைத்து, தானே வாசலில் வந்து நின்றான்.

“வெளிய நின்னா ரெண்டாம் சரணம் எப்படிக் கேக்கும்? உள்ள வாங்க, நிழல்ல உக்காந்து கேளுங்க. வேலை செய்யச் சொல்லி யாருய்யா கேட்டது?”

முதல் நாள் கிழவர்களும் குழந்தைகளும் போனார்கள். அப்புறம் பெண்கள் போனார்கள். வெளியே வந்தவர்கள் கண் சிவந்து வந்தார்கள். என்ன பாடினான் என்று கேட்டால், போய்க் கேட்டால்தான் தெரியும் என்றார்கள். அப்புறம் ஆண்கள் ஒவ்வொருவராகப் போனார்கள், தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை மறைத்துக்கொண்டு. பாட்டு முடிந்ததும் பந்தலுக்குப் பின்னால் மெஷின்களை ஓடவிட்டார்கள், சும்மா, கவனிக்க ஆள் இல்லாமல். ஓடுகிற மெஷினைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க ஒரு மில்காரனால் முடியாது. அறுந்த இழையைப் பார்த்தால் அவன் விரல் அவனைக் கேட்காமல் முடிச்சுப் போடப் போய்விடும். அன்றன்றைக்கு உள்ளே போகிறவர்களில் பத்தில் இரண்டு பேர் ஷிப்டு முடிகிற வரை திரும்பி வரவில்லை, அடுத்த வாரம் பாதிப் பேர் திரும்பி வரவில்லை.

காளியப்பனை ஆறுக்குட்டி டீக்கடை வாசலில் பிடித்தார். அவன் தலைமயிரில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“பாட்டுக் கேக்கத்தானுங் தோழர் போனேன்.”

“பாட்டு காலையில முடிஞ்சுது. சாயங்காலம் வரைக்கும் உள்ள என்னடா பண்ணினே?”

“கை சும்மா இருக்க மாட்டேங்குதுங்.”

“குழியில மண்ணைப் போட்டு என்ன சொன்னே நீ?”

காளியப்பன் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தான். “நானும் அதைத்தானுங் நெனச்சேன். ஆனா கூப்புடறது அவனே, தோழர். அவன் கூப்புட்டு நான் போகலைன்னா நல்லாயிருக்குமா?”

ஆறுக்குட்டிக்கு அன்றைக்குத் தெரிந்துவிட்டது. போலீஸால் உடைக்க முடியாததை, பட்டினியால் உடைக்க முடியாததை, ஒரு சினிமாப் பாட்டு திங்கட்கிழமைக்குள் உடைத்துவிடும். அப்புறம் விசாரணை என்று கேட்க ஆள் இருக்காது. உத்தரவு கொடுத்தவன் பெயர் மருதாசலத்தோடு மண்ணுக்குள் போய்விடும்.

அவர் மயிலாத்தாளைப் பார்க்கப் போனார். மருதாசலத்தின் பெண்டாட்டி. கடைசி லைன் வீடு அவளுடையது, மில் மதிலை ஒட்டியது. பந்தலுக்குப் போகாமலேயே இரண்டாம் சரணத்தில் பாதி அவளுக்குக் கேட்கும். வாசற்படியில் உட்கார்ந்து முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, பாயை மட்டும் தள்ளிப்போட்டாள்.

“சங்கை அடைச்சுரலாம்னு இருக்கறேன் அம்மிணி.”

அவள் ஒரு கல்லை எடுத்து வெளியே போட்டாள். “எதுக்குங்ணா?”

“எல்லாரும் உள்ள போறாங்க. இன்னும் நாலு நாள்தான் தாங்கும்.”

“அவரு பாடறாருங்ணா. யாரையும் கூப்புடலை. போறவிய அவிய கால்லதான் போறாங்க.”

“காலு போறது அந்தக் குரலைக் கேட்டுத்தானே.”

“நீங்களும் அந்தக் குரலைக் காட்டித்தானே அத்தனை பேரையும் கேட்டுக்கு வரவெச்சீங்க?”

மேடையில் இப்படி ஒருவன் கேட்டிருந்தால் அவரிடம் மூன்று பதில் உண்டு.

“சினிமாவுக்கு நீங்க போயி பாட்டு எடுத்துட்டு வந்தீங்க,” என்றாள் மயிலாத்தாள். “அவரு எங்கூடப் போனாரு. ரெண்டாஞ் சரணத்துக்காகத்தான் அவருக்கு அந்தப் பாட்டே புடிச்சுது. வீட்டுல அதைத்தான் முனகிட்டு இருப்பாரு. நீங்க அதை அடிச்சுப் போட்டுட்டீங்க, சரின்னு விட்டுட்டாரு. உசுரோட இருந்த வரைக்கும் மில்லுக்காரனுக்கு எட்டு மணி நேரம், மிச்சமெல்லாம் உங்களுக்கு. அவரு பாட்டை அவரு பாடறதுக்கு இப்பத்தானுங்ணா நேரம் கெடச்சிருக்குது.”

“அவன் சாவுக்கு நியாயம் கேக்க வேண்டாமா?”

“கேளுங்க. வேண்டாம்னா சொன்னேன்? அவரு வாயை அடைச்சுட்டு யாரு வாயில கேப்பீங்க?”

“என் வாயில,” என்றார் ஆறுக்குட்டி.

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து அவரை முழுசாகப் பார்த்தாள். அப்புறம் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் உச்சி வெயிலில், மதிய ஷிப்டுக்கு முன்னால், அவர் பின்பக்க மதில் ஏறி இறங்கினார். கொதிகலன் கட்டடத்துக் காவல்காரன் மகனும் வேலைநிறுத்தத்தில் இருந்தான். காவல்காரன் அவரைப் பார்த்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் பீடி பற்றவைக்க ஆரம்பித்து, பற்றவைத்துக்கொண்டே இருந்தான். கட்டடத்தின் பக்கவாட்டில் இரும்பு ஏணி இருந்தது. அறுபது வயசை நெருங்குகிற முழங்கால்களோடு, முதுகில் ஒரு சாக்குக் கழிவுப் பஞ்சும் கையில் ஒரு டப்பாத் தாருமாக அவர் ஏறினார். மேலே போனதும் ஊர் முழுக்கத் தெரிந்தது. டாக்கீஸ் கொட்டகை தெரிந்தது, பந்தலுக்குள் போகிற தலைகள் எறும்புச் சாரையாகத் தெரிந்தன, கடைசி லைன் வீட்டின் திறந்த கதவு தெரிந்தது.

முதல் பிடிப் பஞ்சை அவர் தாரில் நனைத்தபோது சங்கு கனைத்தது.

பக்கத்தில் நின்று கேட்கும்போது அது மில் சங்கே இல்லை, சட்டையைத் தொடும் தூரத்தில் நிற்கிற மருதாசலம். நீராவியின் சூட்டில் வெற்றிலை வாசம்கூட இருந்தது. பல்லவி வந்தது, அவர் முதல் பிடியைத் திணித்தார். முதல் சரணம் வந்தது, அவர் திணித்துக்கொண்டே இருந்தார், விரல்கள் வெந்தன. சங்கு திமிறவில்லை, துப்பவில்லை. வாய்க்கரிசி போடும்போது பிணம் வாங்கிக்கொள்கிற மாதிரி வாங்கிக்கொண்டு, மிச்சமிருந்த சந்து வழியாகப் பாடியது. அப்போதுதான் இரண்டாம் சரணம் வந்தது. தன் சிவப்புப் பென்சிலால் ஒரே கோட்டில் அடித்துவிட்டு, என்ன அடித்தோம் என்பதையே மறந்துவிட்ட அந்தச் சரணத்தை, ஆறுக்குட்டி ஒழுங்காகக் கேட்டது அதுவே முதல் தடவை.

“பறிச்சுப் போக வரவில்லே, பக்கத்திலே நிக்க வந்தேன்,
ஏணியை எடுத்தாலும் எறங்க மாட்டேன்...”

பாட்டு எழுதுகிறவனின் மூளை எந்த இடத்திலும் சும்மா இருக்காது. இதில் ஒரு சொல்லையும் மாற்றத் தேவையில்லை என்று அது அவரிடம் சொன்னது. கேட்டுக்கு எதிரே, பட்டினி கிடக்கிற ஜனம் பாடுவதற்கு இதைவிட ஒரு வரி எந்தப் பிரசுரத்திலும் இல்லை; ஏணியை எடுத்தாலும் இறங்க மாட்டேன், அவ்வளவுதான், அதற்கு மேல் வேலைநிறுத்தத்துக்கு வேறு அர்த்தம் கிடையாது. இதை அடித்துவிட்டுத்தான் அவர் மாடி என்று எழுதியிருக்கிறார். மூளை இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே கை கடைசிப் பிடிப் பஞ்சைத் திணித்து, தாரை ஊற்றிப் பூசிவிட்டது. “எறங்க மாட்டே” வரைக்கும் வந்தது. மிச்சம் பித்தளைக்குள் கொஞ்ச நேரம் முட்டிப் பார்த்துவிட்டு அடங்கியது. கீழே பந்தலில் இருந்தவர்கள் அந்த வரியை முடிக்க வாய் திறந்து, அண்ணாந்து, ஆறுக்குட்டியைப் பார்த்தார்கள்.

அவர் நினைத்தது நடந்தது. மறுநாள் காலை சங்கு இல்லை. ஊர் நேரத்தைத் தொலைத்துவிட்டுத் தாமதமாக எழுந்து, உலையில் அரிசியைக் குழைய விட்டது. பந்தலுக்குப் போக ஒருவருக்கும் காரணம் இல்லை. உள்ளே போயிருந்தவர்களும் வெளியே வந்து, தலையைக் குனிந்தபடி கேட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்கள். மேனேஜர் சங்கைச் சுரண்டச் சொன்னான், சுரண்டினார்கள், பஞ்சும் தாரும் வந்தன, அப்புறம் வெறும் நீராவி வந்தது. கூட்டம் கலையவில்லை. விசாரணைக்கு உத்தரவாகியது. யூனியன் ஜெயித்தது என்று ஆறுக்குட்டி துண்டறிக்கை போட்டார்.

விசாரணை அதிகாரி வந்தார், டிராவலர்ஸ் பங்களாவில் தங்கினார், அறிக்கை கொடுத்தார். ஏணி கொண்டு வந்திருப்பதாகக் கூட்டத்தினர் தாங்களே திரும்பத் திரும்பப் பாடியிருப்பதால், மதிலேறித் தாக்கும் எண்ணம் அவர்களுக்கு இருந்தது ருசுவாகிறது; துப்பாக்கிப் பிரயோகம் தற்காப்புக்கானது. உத்தரவு கொடுத்தவன் பெயர் அதில் இல்லை. பாட்டை எழுதியவர் பெயர் இருந்தது, எழுத்துப் பிழையில்லாமல்.

சங்கின் வாயை அடைத்ததற்கு ஊர் அவரை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை வையவில்லை. யூனியனுக்கு அவரையே மறுபடி செயலாளராக எடுத்தது. மனு எழுதவும், ஜெயிலுக்குப் போகவும் அவரைவிட்டால் ஆள் கிடையாது. கண்டால் கும்பிட்டது, இடம் ஒதுக்கிக் கொடுத்தது. பாட்டை மட்டும் நிறுத்திக்கொண்டது. அதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. அவர் தெருவில் திரும்பினால் கல்யாண வீட்டு ஸ்பீக்கர்காரன் இசைத்தட்டிலிருந்து முள்ளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவர் அடுத்த திருப்பம் தாண்டியதும் வைப்பான். தொட்டில் ஆட்டுகிறவள் தாலாட்டை நிறுத்திவிட்டு வெறும் கயிற்றை ஆட்டுவாள். பொம்மண்ணன் கடையில் அவர் பெஞ்சில் உட்காரும் முன்னே ரேடியோ ஓய்ந்துவிடும்.

“ரேடியோ ரிப்பேரா பொம்மண்ணா?”

“இல்லீங் தோழர்,” என்றார் பொம்மண்ணன், டீயை ஆற்றிக்கொண்டே. “நீங்க குடிச்சுட்டுப் போனீங்கன்னா பாடும்.”

வருஷங்கள் போயின. நாட்டையே ஆட்டிவைத்த பாட்டுகள் வந்தன, போயின. எதுவும் ஆறுக்குட்டிக்குத் தெரியாது. டாக்கீஸில் அவர் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தால், ஆபரேட்டர் பாட்டு வருகிற இடத்தில் சத்தத்தைக் குறைத்துவிடுவான். வெள்ளைத் திரையில் ஆணும் பெண்ணும் மீன் மாதிரி வாயசைப்பார்கள், கொட்டகையே வாய் மூடிக்கொண்டு அவரோடு சேர்ந்து பார்க்கும். அடுத்த வேலைநிறுத்தம் வந்தபோது இளவட்டங்கள் புது மெட்டில் ஏதோ கட்டியிருந்தார்கள். தூரத்தில் வரும்போது அவருக்குத் தாளம் மட்டும் கேட்டது. கிட்டே வந்ததும் அதை நிறுத்திவிட்டு, “சொல்லுங்க தோழர்,” என்றார்கள். அவர் கோஷம் போட்டார். அவர்கள் திருப்பிச் சொன்னார்கள்.

மயிலாத்தாளுக்கு மில்லில் கருணை அடிப்படையில் நூல் சுற்றும் பிரிவில் வேலை கொடுத்தார்கள். புதுச் சங்கு வாங்கி மாட்டியாயிற்று. அது எல்லா ஊர்ச் சங்கையும் போல ஊளையிடும். ஆறுக்குட்டி தினமும் காலை ஷிப்டுக்குக் கேட் வாசலில் துண்டறிக்கைகளோடு நிற்பார். அவள் சோற்றுத் தூக்குப்போசியோடு வருவாள். தூரத்திலிருந்தே தெரியும், அவள் உதட்டுக்குள் ஏதோ முனகிக்கொண்டு வருகிறாள் என்று. பத்தடி தூரத்துக்குள் வந்ததும் நிறுத்துவாள். துண்டறிக்கையை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “வரேனுங்ணா,” என்பாள். அவரைக் கடந்து பத்தடி போனதும் மறுபடி முனகுவாள்.

விட்ட இடத்திலிருந்து அல்ல. இதற்குள் பாட்டு எங்கே வந்திருக்க வேண்டுமோ அங்கிருந்து. அவரைக் கடக்கும் போதும் அது அவளுக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஊரில் உள்ள எல்லாப் பாட்டிலும் ஆறுக்குட்டியின் அகலத்துக்கு ஒரு பொத்தல் இருந்தது. அந்தப் பொத்தலுக்குள் நின்றுகொண்டு அவர் அடுத்தவனுக்குத் துண்டறிக்கையை நீட்டினார்.